செக்கிங் வரிசையில் பேய்கள்

பெங்களூரு
27 மே 2024

அன்புள்ள தமிழினிக்கு (அன்பு கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில்),

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். இன்ஸ்டாவிலும். போன் அடித்தால் பாதி மணியில் கட்டாகிறது. மெயில் போட்டேன், அது எந்தக் குழியில் விழுந்ததோ தெரியவில்லை. மாதனூர் தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்காததால் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு கையால் எழுதுவது இதுதான். விரல் வலிக்கிறது. அந்தப் பாவமும் உன்னைத்தான் சேரும்.

சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை நம் கேமிலிருந்து ஒரு சின்ன கிளிப் எடுத்துப் போட்டேன். மறுநாள் காலைக்குள் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். நீ துள்ளிக் குதிப்பாய் என்று காத்திருந்தேன். சாயங்காலம் உன்னிடமிருந்து ஒரே வரி வந்தது: "பேயை எடுத்துடு. இல்லன்னா என் படத்தையெல்லாம் எடுத்துடு." அத்தோடு பிளாக்.

பேய்களை எப்படி எடுப்பேன்? நாம் 'சங்கு' என்று பெயர் வைத்த அந்த கேமே பேய்கள்தானே! பாலிடெக்னிக் கேன்டீனில் நீ சொன்ன கதை: மூடிப்போன ஒரு தோல் பதனிடும் டேனரி, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண், அவளைத் துரத்தும் பேய்கள். தொட்டால் ஓர் உயிர் போகும். "ஆனா கம்பெனி சங்கு ஊதினா மட்டும், பேயெல்லாம் தொரத்தறத வுட்டுட்டு ஓடிப்போய் கேட்ல செக்கிங்குக்கு லைன்ல நிக்கணும். கையத் தூக்கினு நிக்கணும். செத்தாலும் பழக்கம் போவாதுல்ல" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

அந்தப் பேய்களின் தலை படிக்கட்டானது என் தப்பு என்பதும் உனக்குத் தெரியும். அசையாமல் நிற்பதெல்லாம் தரை என்று நான் ஒரு விதி எழுதிவைத்திருந்தேன். பேய்கள் வரிசையில் நின்றதும், கேம் அவற்றையும் தரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஓட்டிப் பார்த்தால், நம் பெண் ஒரு பேயின் தலைமேல் நிற்கிறாள்! துரத்துகிற பேயே ஏறிப் போகிற படியும் ஆகிவிட்டது. வரிசையின் தலைகள் மேலேயே தாவிப்போய், கடைசிப் பேயின் தூக்கிய கையிலிருந்து மதிலைப் பிடிக்கலாம். அன்றைக்கு "இருக்கட்டும்டி, இதான் நல்லா இருக்குது" என்று சொன்னதே நீதான். பிறகு நான் சேர்த்தது, மிதித்தால் தலை தலையணை மாதிரி அமுங்குவதையும், 'சொத்' என்கிற சத்தத்தையும் மட்டும்தான்.

சென்னையில் நடக்கும் கேம் கண்காட்சிக்கு ஜூன் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால், கேம்களை வெளியிடுகிற ஆட்களே வந்து விளையாடிப் பார்ப்பார்கள். இரண்டு பேர் பெயரில் இருக்கிற கேம் இது. நீ சரி என்று சொல்லாமல் அனுப்ப மாட்டேன். கோபம் எதற்கு என்று மட்டும் சொல்லு.

உன்
ஆஃப்ரீன்


மாதனூர்
1 ஜூன் 2024

ஆஃப்ரீனுக்கு,

கடிதம் வந்தது. பதிலையும் கடிதத்திலேயே எழுதுகிறேன். போனில் எழுதினால் நடுவில் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டு என் வாயை அடைத்துவிடுவாய்.

வரிசையில் முதலில் நிற்கிற பேயை நீ ஒருநாளாவது உற்றுப் பார்த்திருக்கிறாயா? இடது இடுப்பில் சாய்ந்து நிற்கும். கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகியிருக்கும். எங்கள் வீட்டில் எத்தனை முறை உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறாய்! பரிமாறுகிறவளை நிமிர்ந்தே பார்க்கவில்லையா? அது என் அம்மா.

பேய் எப்படி நிற்கும் என்று எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒரே வரிசைதான். நான் ஷூ கம்பெனி மாடியில் பேட்டர்ன் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஷூவுக்கு அளவு போடுகிறேன். அம்மா கீழே ஸ்டிச்சிங்கில். சாயங்காலம் சங்கு ஊதியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டில் அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். தோல் துண்டு எதையாவது இடுப்பில் மறைத்து எடுத்துப் போகிறாளா என்று தடவிப் பார்ப்பார்கள். அதைத்தான் வரைந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கட்டிங் செக்‌ஷன் நவநீதன், கம்பெனி பஸ்ஸில் உன் கிளிப்பை சீட் சீட்டாகக் கொண்டுபோய்க் காட்டினான். "ராஜம்மாக்கா, உன் தல மேல ஒரு பொண்ணு குதிக்குது பாரு. எப்டி அமுங்குது பாரு, சொத்து சொத்துனு!" பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பின் சீட்டில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அம்மா கம்பெனி பஸ்ஸில் வருவதில்லை. மெயின் ரோடு வரைக்கும் நடந்துபோய் டவுன் பஸ் பிடிக்கிறாள். என்னிடம் பேச்சில்லை. சோறு போடுகிறாள், தட்டை எடுக்கிறாள், அவ்வளவுதான்.

ஒரு பெரிய மனுஷியின் தலையில் செருப்புக் காலோடு ஏறி மிதிக்கிறது உன் பொம்மை. தெரியாமல் ஒருத்தர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் நம் ஊர். பெங்களூரு போனதும் அதெல்லாம் மறந்துபோச்சா?

வயிற்றில் இருப்பதையும் கொட்டிவிடுகிறேன். உனக்கு அந்த பெங்களூரு கேம் கம்பெனி வேலை கிடைக்க நீ காட்டியது நம் கேமை. அதில் இருக்கிற படமெல்லாம் நான் வரைந்தது. ஜோலார்பேட்டையில் உன்னை ரயில் ஏற்றிவிட்டபோது சந்தோஷமாகத்தான் கையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலித்தது. நீ ஏறிப் போய்விட்டாய், நீ கால் வைத்து ஏறியது என் தோளில். அதை நீ ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பேய்களை எடு. அதுவரைக்கும் நான் சரி சொல்ல மாட்டேன்.

தமிழினி


பெங்களூரு
6 ஜூன் 2024

தமிழு,

கிளிப்பை எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் பிறகு.

அது அம்மா என்று எனக்குத் தெரியாது. 'தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்' என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன். வேறு யாருடைய அம்மாவாகவாவது இருந்திருந்தால் பரவாயில்லையா என்று எனக்கே உறைத்தது.

வேலை விஷயம் நீ எழுதியது உண்மை. கேமைக் காட்டும்போது 'நாங்கள் செய்தது' என்றுதான் சொன்னேன். அந்த 'நாங்கள்' யார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இதற்கு இன்று நான் எது எழுதினாலும் நொண்டிச் சாக்காகத்தான் இருக்கும். எழுதவில்லை. செய்கிறேன்.

நீ சொன்னபடி பேய்களை எடுத்துப் பார்த்தேன். பதிலுக்கு மரப்பெட்டிகள் வைத்தேன். ஆபீசில் என் பக்கத்து சீட் ஜான்சன் விளையாடிவிட்டுக் கொட்டாவி விட்டான். பெட்டியின் மேல் ஏறுகிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாது. தன்னைக் கொல்ல வந்ததன் தலைமேலேயே நிற்கிறோம், அது எப்போது கண்ணைத் திறக்குமோ என்கிற பயம் பெட்டியில் எங்கே வரும்?

பிறகு, கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வதை வைத்துப் பார்த்தேன். (மறக்கவில்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எனக்கும் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. "இது யார்கிட்டருந்து கத்துக்கின?" என்று எங்கள் வீட்டில் அம்மி கேட்பார்கள்.) நம் பெண் ஒவ்வொரு பேயிடமும் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறாள். நாலாவது பேயிடம் போவதற்குள் செக்கிங் நேரம் முடிந்து, எல்லாம் விழித்துக்கொண்டு அவளைத் தின்றுவிடுகின்றன. மரியாதை செய்தே செத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான். ஒரே பேஜாராகப் போய்விட்டது.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'செருப்புக் காலோடு' என்று எழுதிய இடத்தில் நீ அழுத்திய அழுத்தில் தாள் ஓட்டையாகியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது.

கேளு. டேனரித் தரை முழுக்கத் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தண்ணீர் நிற்கிறது. செருப்புப் போட்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செருப்போடு பேய்மேல் கால் வைத்தால், பேய் அந்த நொடியே விழித்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினால், பேய் அசையாது, அவளைத் தாங்கும். ஆனால் தவறி விழுந்தாளோ, வெறுங்கால் சுண்ணாம்பில் வெந்துவிடும். எப்போது கழற்றுவது, எப்போது போடுவது, அதுதான் இனி விளையாட்டே. தலை அமுங்குவதையும் அந்தச் சத்தத்தையும் ஒழித்துக்கட்டிவிட்டேன். இனி தலையும் இல்லை, தோள். ஏறும்போது பேய் தோளைக் கொஞ்சம் தாழ்த்தும்.

ஷூ ஊரில் பிறந்த இரண்டு பேருக்கு இது இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருக்கிறது.

பக்ரீத்துக்கு ஆம்பூர் வருகிறேன். வீட்டுக்கு வரலாமா? வேண்டாம் என்றால் பதில் போடாதே, புரிந்துகொள்கிறேன்.

ஆஃப்ரீன்


மாதனூர்
20 ஜூன் 2024

ஆஃப்ரீன்,

நான் பதில் போடவில்லை. நீயும் வீட்டுக்கு வரவில்லை. அதுவரைக்கும் சரி. ஆனால் பக்ரீத்துக்கு மறுநாள் கம்பெனி கேட்டுக்கு வந்து, என்னை விட்டுவிட்டு என் அம்மாவை மட்டும் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறாய். நான் மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதிர் டீக்கடை ஓரமாக இரண்டு பேரும் நின்றீர்கள். இறங்கி வரலாமா என்று படி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன்.

என்ன பேசினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "உன்னப் பத்தி ஒண்ணியும் பேசல" என்றாள். என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

அம்மாவின் போனில் நம் கேம் இருக்கிறது. நீதான் ஏற்றிக் கொடுத்திருக்க வேண்டும். தூக்குப் போசியில் உங்கள் வீட்டுப் பிரியாணி. உன் அம்மி ஹலீமா அம்மாவிடம் சொல்லு, போசியைக் கழுவி வைத்திருக்கிறேன், வெறுமனே திருப்பித் தர அம்மா விட மாட்டேன் என்கிறாள், மாம்பழம் வாங்கி வைத்துத் தருவாளாம்.

இப்போது வீட்டில் நடக்கிற கூத்தைக் கேளு. சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் அம்மா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். முதல் நாள் எடுத்த எடுப்பிலேயே தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் அடுப்பங்கரையில் நின்றேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், பல நாளுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி இது, நான் எதுக்கு பை இல்லாம நின்னுக்கிறேன்? டிபன் பை எங்க?"

"மறந்துட்டேன்மா."

"கையும் இவ்ளோ ஒசரம் எவடி தூக்குவா? தோள் எறங்கிடும். இவ்ளோதான் தூக்குவோம், பாரு." எழுந்து நின்று காட்டினாள். வரைந்துகொண்டேன்.

செருப்பு விஷயம் வேலை செய்கிறது. ஒப்புக்கொள்ள மனசில்லை, ஆனால் வேலை செய்கிறது. அம்மா செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு தோளாகப் பார்த்துப் பார்த்து ஏறுகிறாள். இறங்கும்போது போட்டுக்கொள்ள மறந்து சுண்ணாம்பில் விழுந்து "ஐயோ, வெந்துட்டா!" என்று கத்துகிறாள். நேற்று கம்பெனி பஸ்ஸில்தான் வந்தாள். நவநீதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்தாடா, என் மேல ஏறு பாக்கலாம்" என்று போனை நீட்டினாள். அவன் ஒவ்வொரு முறையும் செருப்போடு ஏறினான். ஒவ்வொரு முறையும் பேய் அவனைப் பிடித்தது. இந்த முறை பஸ் அவனைப் பார்த்துச் சிரித்தது.

சிரித்துக்கொண்டே இருந்தவள் வீட்டுக்கு வந்ததும் மறுபடி வாயை மூடிக்கொண்டாள். அதுதான் எனக்குப் புரியவில்லை. கேம் பிடித்திருக்கிறது. பஸ் கிண்டல்கூடப் போய்விட்டது. என்னைப் பார்த்தால் மட்டும் முகம் சுருங்குகிறது. அன்று அவள் உன்னிடம் என்ன சொன்னாள்?

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே. குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது. எழுது.

தமிழினி


பெங்களூரு
22 ஜூன் 2024

தமிழு,

உன் கடிதம் ஸ்பீட் போஸ்டில் இன்றே வந்துவிட்டது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு டீ குடித்தாகிவிட்டது. அம்மா 'சொல்லாதே' என்று என்னிடம் சொல்லவில்லை. 'சொல்லு' என்றும் சொல்லவில்லை. நீ கேட்டுவிட்டாய். மறைத்தால் நான் உன் தோஸ்த் இல்லை.

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். செக்கிங் முடிந்து அம்மா கையை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். "ம்மா, தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

"நீ இன்னா செஞ்ச? அது நானுன்னு உனக்குத் தெரியுமா இன்னா?" என்றார்கள். "சிரிச்சவங்க மேலயும் எனக்கு ஒண்ணும் இல்ல. சிரிப்பாங்க, நாலு நாள்ல மறந்துடுவாங்க."

பிறகு டிபன் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்கள். "என் பொண்ணு என்னப் பேயா போட்டுக்கிறாளேம்மா. அதான் தாங்கல. உசுரோட கண்ணு முன்னாடி இருக்கறேன். என்ன எதுக்குச் செத்தவளா போட்டா?"

"அதுல இன்னாதான் பண்ணிக்கிறா, என் போன்ல போட்டுக் குடு, பாக்கறேன்" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன்.

உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ தினமும் ஜன்னலில் நின்று பார்த்தது எத்தனை பாசத்தோடு என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. போய்க் கேளு.

இன்னொன்று. வியாழக்கிழமை எங்கள் டீம் லீடரிடம் கேமைத் திறந்து வைத்து, 'இந்தப் படங்கள் தமிழினி வரைந்தவை, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள், முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்' என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். பிறகு உன் மற்ற படங்களைக் கேட்டார். சென்னைக்கு அவரும் வருகிறார்.

இந்த மாதம் முடியப்போகிறது. நீ வேண்டாம் என்றால் இந்த வருஷம் அனுப்ப வேண்டாம். வற்புறுத்த மாட்டேன்.

ஆஃப்ரீன்


மாதனூர்
26 ஜூன் 2024

ஆஃபி,

கேட்டுவிட்டேன்.

பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். முகத்துக்கு நேராகக் கேட்கத் தைரியம் இல்லை, பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டேன். "பேயா போட்டேன்னு கோவமாம்மா?"

கரும்பு லாரி ஒன்று போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றோம். அப்போதுதான் சொன்னாள்.

"பேயா போட்டது கூடப் போவட்டும்டி. செத்தும் அங்கியே நிக்கிறேனே, அதான். நானே எப்படா இந்த லைன வுட்டுப் போவோம்னு இருக்கறேன். நீ செத்த பொறவும் என்ன அதுலியே நிக்க வெச்சிட்ட. வெளையாடி முடிச்சிப் பாத்தேன். அந்தப் பொண்ணு மதில் ஏறிக் குதிச்சிப் போய்ட்றா. ஜெயிச்சிட்டன்னு பாட்டு போடுது. நாங்க கையத் தூக்கினு அப்டியே நிக்கிறோம். எப்ப எறக்கறது? எப்ப வூட்டுக்குப் போறது?"

ரோடு என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். 'உன்னை மாதிரி யாரும் நிற்க மாட்டார்கள், அதனால்தான் உன்னை வரைந்தேன்' என்று என்னவோ உளறினேன். "சரி, சரி, நட, ஜனம் பாக்குது" என்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

நாம் இரண்டு பேரும் கேமில் நம் பெண் எப்படி ஏறுவாள் என்றே மண்டையை உடைத்துக்கொண்டோம். தலையா, தோளா, செருப்போடா, வெறுங்காலோடா. ஏறிப் போனவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் உன்மேல் அத்தனை கோபப்பட்டேன். ஆனால் என் கேமிலும் அவள் திரும்பிப் பார்க்காமல்தான் ஓடினாள்.

அன்றே முடிவை மாற்றி வரைந்தேன். மெயிலில் போட்டிருக்கிறேன், பாரு. மதிலுக்கு வெளியே குதித்தவள் ஓடுவதில்லை. சுற்றிக்கொண்டு வந்து, கேட்டின் வெளித் தாழ்ப்பாளை இழுக்கிறாள். அது துருப்பிடித்தது, லேசில் வராது, விளையாடுகிறவர்கள் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கேட் திறந்ததும் பேய்கள் ஒவ்வொன்றாகக் கையை இறக்கும். பிறகு நடக்கும், துரத்துகிற நடை இல்லை, வேலை முடிந்து போகிறவர்கள் பேசிக்கொண்டே போகிற நடை. அந்த நடைக்கான படம் நிறைய இருக்கிறது, நீ ராத்திரி பகல் உட்கார்ந்தால்தான் முடியும். உட்காரு.

உன் டீம் லீடரை சென்னையில் பார்க்கிறேன். உன் சிபாரிசு வேண்டாம், என் படங்களை நானே எடுத்துவந்து காட்டுகிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும். அவரிடம் என் பெயரைச் சொன்னதற்கு நன்றி என்று எழுத மாட்டேன். சந்தோஷம் என்று எழுதுகிறேன்.

வரைந்ததை நேற்று அம்மாவிடம் ஓட்டிக் காட்டினேன். முதல் பேய் கையை இறக்குகிறது. தோளை ஒருமுறை உருட்டிவிட்டுக்கொள்கிறது. கேட்டைத் தாண்டிப் போகிறது. அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு தரம்.

"இப்ப ஏறட்டும்" என்றாள்.

"யாரும்மா?"

"யார் வேணா ஏறட்டும். கடசில எங்கள வூட்டுக்கு அனுப்பிட்டா போதும்."

எனக்கும் சரி. கேமை அனுப்பு, ஆஃபி. அம்மா இப்போதே லீவு சொல்லிவிட்டாள், தேர்வானாலும் ஆகாவிட்டாலும் சென்னைக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

உன்
தமிழு